பாப்பா யாரிடம் யோகா படிக்கலாம்?

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழையில் மொட்டை மாடி ஊறிப்போயிருப்பதால் நான் நடத்தும் யோகா வகுப்பு இப்போது கூடத்தில்தான் நடக்கிறது.

உன் பெண் பாப்பா யோகா டீச்சராக ஆசைப்படுகிறாள், எங்கே சேர்க்கலாம் என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! நான் இதற்குள் வந்த கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. அதைச் சொன்னால்தான் என் பதிலும் புரியும்.

அப்பா மில் தொழிலாளி. பஞ்சுத் தூசியிலேயே நின்று இளைப்பு வந்துவிட்டது. ராத்திரியில் படுக்க முடியாமல் திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கண்ணசருவார். யாரோ சொல்லி, சுவாமி கீதானந்தரிடம் படித்த ஒருவரைப் பார்க்கப் போனார், துணைக்கு நான். கீதானந்தர் டாக்டராக இருந்தவர். 1968-ல் இங்கே ஆனந்தா ஆசிரமத்தைத் தொடங்கி, 1993-ல் மறையும் வரை சொல்லிக்கொடுத்தார். நுரையீரலின் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி, மேல்பகுதி என்று தனித்தனியாக மூச்சைப் பழக்கும் விபாகப் பிராணாயாமம் அவர் வழியில் முக்கியமான பாடம்.

அந்த ஆசிரியர் அப்பாவை வளையவும் சொல்லவில்லை, மடங்கவும் சொல்லவில்லை. விலாவில் கையை வைக்கச் சொல்லி, “கைக்குக் கீழே அசையுதா, அதை மட்டும் பாருங்க” என்றார். வாரக்கணக்கில் அதே பாடம். டாக்டர் கொடுத்த மருந்தும் கூடவே தொடர்ந்தது. இளைப்பு அடியோடு போகவில்லைதான். ஆனால் மூச்சு முட்டும்போது அப்பா பதறுவது குறைந்தது, பாயில் படுத்துத் தூங்கவும் ஆரம்பித்தார். நான் ஆசிரியரானதற்கு அதுதான் காரணம்.

பிறகு யோகா குரு கிருஷ்ணமாச்சாரியாரைப் பற்றிப் படித்தபோது மனசு இன்னும் உறுதிப்பட்டது. 1930-களில் மைசூர் அரண்மனையில் பையன்களுக்கு அத்தனை கடுமையான பயிற்சி கொடுத்தவர், பின்னாளில் சென்னையில் நோயாளிகளுக்கு ஆளுக்குத் தகுந்த மாதிரி வேறு வேறாகச் சொல்லித்தந்தார். அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் முதலாவதைப் பரப்பினார், மகன் தேசிகாச்சார் இரண்டாவதை. குரு என்னவோ ஒருவர்தான்.

மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16, உள்ளே அடக்கும் கும்பகத்துக்கு 64, வெளியே விடும் ரேசகத்துக்கு 32 என்று திருமூலர் மாத்திரைக் கணக்கு, அதாவது நேரக் கணக்கு, சொல்கிறார். புதிதாக வருகிற சிலர் அதை மனப்பாடமாக ஒப்பித்து, முதல் நாளே மூச்சை அடக்கப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். ரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்குக் கும்பகமே கிடையாது. மற்றவர்களுக்கும் இழுப்பதைவிட விடுவது நிதானமாக வந்த பிறகுதான் அந்தப் பேச்சு.

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் வருகிறார். முட்டி வலி, தரையில் உட்கார முடியாது, நாற்காலிதான். மூச்சை இழுக்கச் சொன்னால் தோள் இரண்டும் காதுவரை ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், வயிறு கல்லாக இருக்கும். “இழுக்கவே வேணாம்மா, சும்மா விடுங்க” என்றேன். உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுகிற மாதிரி மெல்ல விட்டார். அடுத்த மூச்சு தானாக உள்ளே போனது. வயிற்றின் மேலிருந்த கை லேசாக எழும்பியது. “தம்பி, வவுத்துக்கு வருதுடா!” என்று கத்திவிட்டார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நின்றபடி உடம்பை முறுக்கிக் குனியும் பரிவிருத்த திரிகோணாசனத்தை அச்சு அசலாகச் செய்கிற மாணவனைப் பார்த்துக்கூட நான் அவ்வளவு பூரித்ததில்லை.

அதனால் 200 மணி நேரப் பயிற்சி, சான்றிதழ் எல்லாம் பாப்பா தாராளமாக வாங்கட்டும். வேலைக்கு அது வேண்டும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆசிரியரின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கச் சொல். அவர் முன்னால் நின்று செய்துகாட்டிக்கொண்டே இருக்கிறாரா, பாயைச் சுற்றி நடந்து ஒவ்வொருவரையும் பார்க்கிறாரா? முடியாதவர் வந்தால் நாற்காலி போடுகிறாரா? உட்கார்ந்து பார்க்க விடாத இடம் நம் பெண்ணுக்கு வேண்டாம்.

ஜனவரி 4 முதல் 7 வரை இங்கே சுற்றுலாத் துறை நடத்தும் யோகா திருவிழாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. பல ஊர் ஆசிரியர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கடலூரிலிருந்து பஸ்ஸுக்கா பஞ்சம்? நம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளுங்கள். காலை வகுப்பு ஐந்தரைக்கு. அவளுக்கு ஒரு பாய் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி