மே மாதத்து அட்வான்ஸ்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முழு ஆண்டுத் தேர்வு முடியப் போகிறது. லீவில் பிள்ளைகள் கிணற்றில் குதிக்கட்டும், தாத்தா ஊருக்குப் போகட்டும், அது அவர்கள் பாடு. நான் எழுத வந்தது வேறு. மே பிறந்தால் நம் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் வருவார்கள். வெளிமாநில முறுக்குக் கம்பெனிக்குப் பையன்கள், நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகள்.

வருகிறவர் முகம் தெரியாத ஆளாக இருக்க மாட்டார். பெரும்பாலும் நம் ஊர்க்காரர், மாமன் மச்சான் முறை உள்ளவர். "சும்மாதானே கிடக்கான், ரெண்டு மாசம் வந்துட்டுப் போகட்டும்" என்பார். கையில் ஒரு அட்வான்ஸ் வைப்பார். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வராத வருஷத்தில் அந்தப் பணம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நானும் மானாவாரிக் காட்டை நம்பியிருந்த வீட்டுப் பிள்ளைதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எட்டாம் வகுப்பு முடித்த பையனுக்கு டி.சி. கேட்டு அவன் அப்பா வந்தார். மகாராஷ்டிராவில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கப் போகிறான் என்றார். அன்றைக்கு ஆய்வுக்கு அதிகாரி வருவதாக இருந்தது. அந்த அவசரத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

போன பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனான். பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள், மிளகை இறைத்தாற்போல. விடிகாலை நாலு மணிக்கு மாவு பிசைய எழுப்புவார்களாம். பகல் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால், ராத்திரி பாக்கெட் ஒட்டுகிற வேலை, அப்புறம் அங்கேயே சாக்கை விரித்துத் தூக்கம். அட்வான்ஸாக வாங்கிய 15,000 ரூபாயைக் கழித்துவிட்டார்களா என்று கேட்டேன். "சாப்பாட்டுக் காசு சேந்துக்கிட்டே போகுது சார்" என்றான். கணக்கில் வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவனாக இருந்தவன் அவன். அந்தக் கணக்கு மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

இப்போது நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறான். அவனும் அவன் அப்பாவும் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அவனுக்குப் பிடிபடாத கணக்கைச் சட்டம் எப்போதோ முடித்துவிட்டது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, ஆளைக் கட்டிப்போடும் இந்த மாதிரிக் கடன் செல்லாது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. "பணத்தை வைத்துவிட்டுப் பையனைக் கூட்டிப் போ" என்று சொல்ல எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைத்தால் வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 14-லிருந்து 18 வரை உள்ளவர்களைப் பட்டாசு, சுரங்கம் போன்ற ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போக, சொந்தக் காட்டிலோ சொந்தக் கடையிலோ பிள்ளை ஒத்தாசை செய்வது தப்பில்லை. வீட்டு ஆட்டை மேய்க்கச் சொன்னால்கூட ஹெட்மாஸ்டர் போலீஸைக் கூப்பிடுவார் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். வெறும் புரளி.

மில் விஷயம் கொஞ்சம் வேறு. 'சுமங்கலித் திட்டம்' என்று இப்போது யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்பதுதான் பேச்சு. நடுவில் உடம்புக்கு முடியாமல் வந்துவிட்டால் அந்த மொத்தப் பணம் கைக்கு வராமலே போன கதைகள் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கும் 2024-லிருந்து 'தமிழ்ப் புதல்வன்' இருக்கிறது. மில் சம்பளத்துக்கு இது ஈடாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் பாதியில் யாரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

ஏற்கெனவே பிள்ளையை அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட வேண்டாம். 1098-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், காசு கிடையாது. முதல் தடவைக்குப் பெற்றோரைத் தண்டிப்பதில்லை. கோட்டாட்சியருக்கு மனு கொடுக்க வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்தும் ஒருவர் கூட வருவார்.

கடைசியாக ஒன்று. டி.சி. கேட்டால் நான் மறுக்க முடியாது. ஆனால் இனிமேல் எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள் என்று கேட்பேன், அந்தப் பள்ளிக்குப் போன் செய்வேன், பள்ளிப் பிள்ளைகளின் விவரம் ஏறும் எமிஸ் கணினிப் பதிவில் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஜூனில் பார்ப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். லீவிலும் வேலை நாட்களில் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அலுவலகத்தில் இருப்பேன். வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்