அந்த ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சிலின் (என்.சி.இ.ஆர்.டி.) இயக்குநர் அவர்களுக்கும் அறிவியல் பாடநூல் குழுவினருக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் உங்கள் பாடநூலை வைத்துப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை நான். 2022இல் நீங்கள் செய்த பாடக்குறைப்பில், மரபையும் (பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு வருவது) பரிணாமத்தையும் (உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவது) சேர்த்துச் சொன்ன ஒன்பதாம் பாடம் மரபோடு நின்றுபோனது. மறு ஆண்டு 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு மறுப்புத் தெரிவித்தார்கள். பரிணாமக் கோட்பாட்டைத் தந்த டார்வின் போய்விட்டாரே என்றுதான் எல்லோரும் வருந்தினார்கள். எனக்கு வலித்தது வேறொன்று. அந்தப் பாடத்தின் கடைசியில் மனிதப் பரிணாமம் பற்றிய சிறிய பகுதி ஒன்று இருந்தது. தோல் நிறத்தைப் பார்த்து மனிதரை இனம் பிரித்த பழைய வழக்கத்தைச் சொல்லி, அந்தப் பிரிவினைக்கு உயிரியலில் எந்த அடிப்படையும் இல்லை, மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம் என்று அது தெளிவாக முடித்தது. அதுவும் சேர்ந்து போய்விட்டது.

அதை நடத்தும் நாளில் வகுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு வருடம், நன்றாகக் கறுத்த ஒரு பையனை மற்றவர்கள் 'நைஜீரியா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவான். நம் எல்லோருடைய மூதாதையரும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் என்று நான் வாசித்ததும், "அப்படியென்றால் நாம் எல்லோருமே நைஜீரியாவா டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அன்று அவன் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடியும் படித்தான்.

பிறகு நிறம் பற்றிப் பேசினோம். சுள்ளென்று வெயில் அடிக்கும் நாடுகளில் புற ஊதாக் கதிரைத் தாங்கத் தோல் கறுத்தது. வெயில் குறைந்த வடக்கே வைட்டமின் டி கிடைக்க வெளுத்தது. பசிபிக் கடலின் சாலமன் தீவுக்காரர்கள் பார்வைக்கு ஆப்பிரிக்கர் போலவே கறுப்பு. மரபணுவில் அவர்கள் ஆப்பிரிக்கரைவிட ஆசியருக்கும் ஐரோப்பியருக்கும்தான் நெருக்கம். மனிதருக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது, குழுக்களுக்கு இடையே இருப்பது மிச்சம்தான் என்று 1972இல் மரபியலாளர் ரிச்சர்டு லெவொன்டின் கணக்கிட்டுக் காட்டினார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். புரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பரிணாமம் என்றாலே கடவுளுக்கு எதிரான வழக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்று 2018இல் மத்திய இணை அமைச்சர் ஒருவரே பேசினார். இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று அறிவியல் சொல்லவே இல்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்றுதான் சொல்கிறது. நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் பள்ளிக்குக் கிளம்பாதவள். என் மாணவி ஒருத்தி, தான் ஆதாம் ஏவாளின் வழிவந்தவள் என்று எழுந்து நின்று சொன்னபோது அவளை நான் உட்காரச் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்பதில் உன் வேதமும் இந்தப் பக்கமும் ஒத்துப்போகின்றன, எப்படி, எப்போது என்பதில்தான் வேறுபாடு, அந்தக் கேள்விக்கு எலும்புகளும் மரபணுவும் தரும் விடையை இங்கே படிக்கிறோம் என்றேன். நீங்கள் விட்டுவைத்திருக்கும் மரபுப் பாடத்தின் நாயகர், மரபு விதிகளைக் கண்டறிந்த மெண்டலே ஒரு துறவிதான்.

இனவெறிக்கு மதமும் துணைபோயிருக்கிறது, அறிவியலின் பெயரும் துணைபோயிருக்கிறது. நோவா தன் பேரனுக்கு இட்ட சாபத்தைச் சொல்லி அடிமை முறையை நியாயப்படுத்தியவர்கள் பைபிளைக் கையில் வைத்திருந்தார்கள். மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று வாதிட்ட லூயி அகாசி ஹார்வர்டு பேராசிரியர். 1871இல் டார்வின் அதை மறுத்து, மனிதர் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று எழுதினார். ஆனாலும் அளவுகோல்கள் ஓயவில்லை. இங்கே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சாதிப் படிநிலைக்கும் தொடர்பு உண்டு என்று நம்பினார். எங்கள் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கருவியும் கையுமாகத் தென்னாட்டு மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். அந்த அளவுகளைக் குப்பையில் போட வைத்தது நீங்கள் நீக்கிய பரிணாம உயிரியலும் அதோடு வளர்ந்த மரபியலும்தான். அதை எடுத்துவிட்டால் பிள்ளைகளிடம் மிஞ்சுவது தெருவும் வீடும் கற்றுக்கொடுக்கும் பழைய அளவுகோல்.

பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் இருக்கிறதே என்பது உங்கள் பதில். அது உயிரியல் எடுப்பவர்களுக்கு மட்டும். வணிகவியல் பக்கம் போகிறவள், பத்தாவதோடு படிப்பை நிறுத்துகிறவன், இவர்கள் எங்கே படிப்பார்கள்? 2014இல் டெல்லியில் தோற்றத்துக்காகக் கேலி செய்யப்பட்டு, அதனால் எழுந்த தகராறில் அடிபட்ட அருணாசலப் பிரதேச இளைஞர் இறந்துபோனார். 2017இல் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் தாக்கியது. கையோங்கியவர்களும் ஏதோ ஒரு பள்ளியில் படித்திருப்பார்கள்.

பள்ளிப் பாடங்களுக்கு வழிகாட்டும் 2023இன் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பின்படி புதிய நூல்களைத் தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமத்தை முழுமையாகச் சேருங்கள். இடமே இல்லை என்றால் மனிதர் அனைவரும் ஒரே சிற்றினம் என்ற அந்தப் பகுதியையாவது, தேர்வுக்கு உரியது என்ற குறிப்போடு அச்சிடுங்கள். தேர்வில் வராத பக்கத்தை எந்தப் பிள்ளையும் திறப்பதில்லை.

பழைய பதிப்பின் ஒரு பிரதி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மரபுப் பாடம் முடிந்த மறுநாள் அதை எடுத்துப்போய் வகுப்பில் வாசிக்கிறேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை