ஊட்டியில் அண்டக் கதிர் அளப்போர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

உயரம் ஏற ஏற, விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்வீச்சு கூடும் என்று படித்துவிட்டு, கதிர்வீச்சை எண்ணும் கருவியான கைகர் கவுண்டரோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மாணவர்கள், மேலே எண்ணிக்கை குறைந்திருந்தால் கருவி பழுது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சிறிய கைகர் குழாயில் பதிவாவதில் பெரும்பங்கு, மண்ணிலும் பாறையிலும் உள்ள தோரியம், யுரேனியம், பொட்டாசியம் விடும் காமா கதிர். இடம் மாறினால் அதுவும் மாறும்.

1912 ஆகஸ்ட் 7 அன்று அண்டக் கதிரைக் கண்டறிந்த இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5,350 மீட்டர் ஏறியபோதும் இப்படித்தான். தரையின் கதிர் எட்டாமல் போனதால் முதலில் அயனியாக்கம் (கதிர் காற்றில் மின்னூட்டத் துகள்களை உண்டாக்குவது) சற்றுக் குறைந்தது. 5 கிலோமீட்டர் உயரத்தை நெருங்கியபோது, தரையில் இருந்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கானது.

ஒரே மாதிரியான இரண்டு குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக 5 செ.மீ. இடைவெளியில் படுக்க வைத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால் மட்டும் எண்ணுங்கள். இரண்டையும் துளைத்துச் செல்வது பெரும்பாலும், அண்டக் கதிர் காற்றில் மோதுவதால் உண்டாகும் மியூவான் என்ற துகள்தான். காமா கதிர் அரிதாகவே இரண்டையும் தட்டும். ஆனால் நிமிடத்துக்குச் சில எண்ணிக்கைதான் கிடைக்கும். 1,000 சேர்ந்தால்தான் பிழை 3 சதவீதத்துக்கு இறங்கும், எனவே இரவு முழுக்க ஓடவிடுங்கள். பத்து நிமிட அளவீட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒற்றைக் குழாய்தான் உள்ளதென்றால் ஏரியில் படகில் வைத்து அளக்கலாம்: இரண்டு மீட்டர் தண்ணீர் அடிமண்ணின் காமாவை ஏறக்குறைய முழுக்க விழுங்கிவிடும்.

உயரத்தோடு காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கதிரைத் தடுப்பது தலைக்கு மேலுள்ள காற்றின் எடை. கடல்மட்டத்தில் அது சதுர செ.மீ.க்கு 1,030 கிராம், ஊட்டியில் சுமார் 800.

ஐரோப்பிய அட்டவணைகளோடு ஒப்பிட வேண்டாம். நமது அட்சரேகையில் பூமியின் காந்தப்புலம் ஆற்றல் குறைந்த துகள்களைத் திருப்பிவிடுவதால் இங்கே ஏற்றம் மெதுவாகவே இருக்கும். இந்த ஏற்றமும் முடிவில்லாதது அல்ல. விண்வெளியிலிருந்து வரும் முதன்மைத் துகள்கள் காற்றில் மோதி உண்டாக்கும் இரண்டாம் நிலைத் துகள்கள் சுமார் 20 கி.மீ. உயரத்தில் உச்சம் தொட்டு, அதற்கு மேல் குறைகின்றன.

விமானத்தில் கைகர் கவுண்டர் காட்டும் மைக்ரோசீவர்ட்டையும் (உடல் ஏற்கும் கதிரளவின் அலகு) அப்படியே நம்ப வேண்டாம். 10 கி.மீ. உயரத்தில் கதிரளவில் கணிசமான பங்கு நியூட்ரான்களுடையது. சாதாரண கைகர் குழாய் அவற்றை அநேகமாக உணர்வதே இல்லை.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்