தேங்ஸ்கிவிங் கதை சரி, எண்ணெய் அண்டாவை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் நன்றி சொல்லும் பண்டிகையான தேங்ஸ்கிவிங் எப்படி வந்தது என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1621-இல் பிளைமவுத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களும் அங்கிருந்த பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களும் மூன்று நாள் விருந்து சாப்பிட்டதோடு கதையை முடித்துவிட்டீர்கள். அந்த விருந்தை நேரில் பார்த்த எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதத்தில், இன்று இந்தப் பண்டிகையின் முக்கிய உணவான வான்கோழி என்ற பேச்சே கிடையாது. ஏதோ பறவைகளைச் சுட்டு வந்தார்கள், வாம்பனோவாக் ஆட்கள் ஐந்து மான் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 1863-இல் அதிபர் லிங்கன் இந்தப் பண்டிகை நவம்பர் கடைசி வியாழன் என்று அறிவித்தார். 1939-இல் அது 30-ஆம் தேதி போய் விழ, கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்! பல மாநிலங்கள் கேட்கவில்லை. 1941-இல் நான்காவது வியாழன் என்று சட்டம் வந்தபிறகுதான் சண்டை ஓய்ந்தது.

சரி, கடைக்காரர்களுக்காக நகர்ந்த பண்டிகை. அவர்கள் இப்போது விற்கிற ஒரு சாமானைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முழு வான்கோழியை எண்ணெயில் பொரிக்கிற அண்டா. போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கராஜ் வாசலில் கேஸ் அடுப்பை வைத்து, ஃப்ரீசரிலிருந்து முந்தின நாள்தான் எடுத்த கோழியை இறக்கினார். ஈரக்கையோடு வடை தட்டிப் போட்டாலே எண்ணெய் தெறிக்கும். இதுவோ வயிற்றுக்குள் ஐஸ் கட்டியோடு போகிறது. ஐஸ் நீராவியானால் ஆயிரம் மடங்குக்கும் மேல் பெருக்கும், எண்ணெய் பொங்கி வழிந்து நேரே அடுப்பில்! கதவு உயரத்துக்குத் தீ. அவர் மனைவி தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவர, நாங்கள் கத்தித் தடுத்தோம். நல்லவேளை, கை மயிர் கருகியதோடு போயிற்று.

அமெரிக்காவில் வீட்டுச் சமையலில் தீப்பிடிப்பது வருஷத்திலேயே இந்த நாளில்தான் அதிகம். எண்ணெய் அண்டாவே வேண்டாம் என்கிறது இங்குள்ள தேசியத் தீத்தடுப்புச் சங்கம். கேட்காதவர்கள் கோழியை ஃப்ரிட்ஜில் வைத்து முழுசாக ஐஸ் இறங்க விடட்டும். நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு, 16 பவுண்டு என்றால் நாலு நாள். அப்புறம் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, வீட்டைவிட்டுத் தள்ளி வெட்டவெளியில் அடுப்பை வைக்கட்டும், கராஜ் கூடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கின அண்டாவின் அட்டைப்பெட்டியிலும் இதெல்லாம் எழுதியிருந்தது, பொடி எழுத்தில். அவர் தீ அணைந்தபிறகுதான் கண்ணாடி போட்டுப் படித்தார்.

அடுத்த நவம்பரில் கட்டுரை போடும்போது வான்கோழிப் படத்துக்குக் கீழே இதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகர், நியூ ஜெர்சி