சாவி வைத்திருந்தவர் மேல் வழக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாஸ்கோவில் ஒரு நூலகர் மேல் இப்போது, 2017 பிப்ரவரியில், நடக்கிற வழக்கைப் பற்றி எழுதுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு மாஸ்கோ கவலை எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சிரிக்கலாம். எங்கள் ஊர் ரொட்டி சானாய் கடையில் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள்.

உக்ரைன் என்றதும் நமக்கு 2014 ஜூலை 17-இல் அங்கே சுட்டு வீழ்த்தப்பட்ட நம் மலேசிய விமானம் எம்எச்17தான் ஞாபகம் வரும். அதே ஆண்டில்தான் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவை எடுத்துக்கொண்டது. மாஸ்கோவில் உக்ரைனிய இலக்கியத்துக்கென்றே ஓர் அரசு நூலகம் உண்டு. 2015 அக்டோபர் 28-இல் அங்கே போலீஸ் புகுந்தது. ரஷ்யாவில் தடை செய்யப்பட்ட ஓர் உக்ரைனிய எழுத்தாளரின் புத்தகங்கள் கிடைத்தன என்று சொல்லி, இயக்குநர் நத்தாலியா ஷாரினாவைக் கைது செய்தார்கள். போலீஸே கொண்டுவந்து வைத்த புத்தகங்கள் அவை என்கிறார்கள் நூலகத்தார். குற்றச்சாட்டு, ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 282-ஆம் பிரிவின்படி இனப்பகையைத் தூண்டியது. அது போதாதென்று, முன்பு இதேபோல் போட்டுக் கைவிட்ட வழக்கில் வக்கீலுக்கு நூலகப் பணத்தைக் கொடுத்தார் என்று கையாடல் குற்றத்தையும் அப்புறம் சேர்த்தார்கள். ஓராண்டுக்கு மேலாக வீட்டுக்காவலில் இருக்கிறார். சென்ற நவம்பரில் விசாரணை தொடங்கியது. மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அவரை மனசாட்சிக் கைதி என்கிறது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ரப்பர் தோட்டத்து வாசகசாலை என் பொறுப்பில் இருந்தது. வாசகசாலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கோயிலை ஒட்டிய கொட்டகையில், கம்பிவலைக் கதவு போட்ட ஒரே ஓர் அலமாரி. அதன் சாவி என் சைக்கிள் சாவியோடு தொங்கும். பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் பெயர், லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), வீட்டு எண் எழுதிக்கொண்டு புத்தகம் கொடுப்பேன். பால் வெட்டிவிட்டு வந்த கையோடு புரட்டுவார்கள். திரும்பி வரும்போது அட்டையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். கட்டைவிரலால் தேய்த்து, சுருட்டிச் சுருட்டி எடுப்பதே என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

புத்தகங்கள் எங்கிருந்தெல்லாமோ வரும். தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர் கட்டாகக் கொடுப்பார், தோட்டத்தை விட்டுப் பட்டணம் போகிறவர் பெட்டியோடு விட்டுப்போவார். பாதியை நான் படித்ததில்லை. ஒருநாள் மேலிடத்திலிருந்து வந்த ஒருவர் சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்றை உருவி, “இது யார் வாங்கினது?” என்று கேட்டார். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அட்டையின் நிறம்தான் தெரிந்தது. எனக்கோ அது எப்படி உள்ளே வந்தது என்றே தெரியவில்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை, சரி. மாஸ்கோவின் அந்த அம்மாவுக்கு நடந்துவிட்டது.

அலமாரிச் சாவியை வைத்திருப்பவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லவேண்டும் என்றால், எந்த ஊரிலும் நூலகம் திறக்க ஆள் கிடைக்காது. அந்த நூலகம் பிறர் தலைநகரில் இருக்கும் சிறுபான்மை மொழியின் நூலகமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தலைநகரத்தில் நம் மொழி நிற்பதற்கு என்ன பாடு படவேண்டும் என்று நமக்குத் தெரியும். ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கவேண்டும் என்று பால்மரத் தொழிலாளர்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். என் அப்பாவும் கொடுத்தார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

இங்கேயும் நடக்காததில்லை. 2012-இல், ஒரு புத்தகத்தை விற்றதாகச் சொல்லி, கோலாலம்பூர் புத்தகக்கடை மேலாளர் ஒருவர் மேல் வழக்குப் போட்டார்கள். கடையில் சோதனை நடந்தபோது அந்தப் புத்தகத்துக்குத் தடையே வந்திருக்கவில்லை. 2015 வரை இழுத்து, முடிவில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நாலு பேர் விடாமல் பேசிக்கொண்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். இதற்கு மேல் எழுதினால் நீங்கள் வெட்டிவிடுவீர்கள், விட்டுவிடுகிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் ரஷ்யத் தூதரகம் இருக்கிறது. வாசகர்கள் ஆளுக்கோர் அஞ்சலட்டை போடட்டும். நூலகர் ஷாரினாவை விடுதலை செய்யுங்கள், வழக்கைக் கைவிடுங்கள் என்று இரண்டு வரி போதும், மலாயிலோ தமிழிலோ. திட்டி எழுதவேண்டாம், திட்டினால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். தமிழ்ப்பள்ளிகளில் நூலகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே கடிதமாக அனுப்பினால் இன்னும் நல்லது. என் அட்டை நேற்றே போய்விட்டது.

தீர்ப்பு வரும்வரை மாதம் ஒருமுறையாவது இந்த வழக்கைப் பற்றி நாலு வரிச் செய்தி போடுங்கள், ஐயா. தூதரக முகவரி கேட்டு வாசகர்கள் போன் செய்தால், உங்கள் அலுவலகத்திலேயே கொடுத்துவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்),
சுங்கை சிப்புட், பேராக்.
பிப்ரவரி 2017