காலண்டர் தாளும் கதவு ரப்பரும்

காவேரிப்பட்டணம்,
வைகாசி 12

அன்புள்ள கண்ணு,

"புது ஃபிரிட்ஜ் ஒண்ணு ஆர்டர் போட்டுடறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். போட்டிருந்தால் உடனே கேன்சல் செய். போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அரைத்து வைத்த கேழ்வரகு தோசை மாவு, மறுநாள் விடிவதற்குள் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. பாலும் திரிந்துபோனது. மேலே ஃபிரீசரில் மட்டும் இரண்டு விரற்கடைக்கு ஐஸ் கட்டி, அதன் சின்னக் கதவே மூடவில்லை. மோட்டார் ராத்திரி பகலாக நிற்காமல் உறுமியது. உன் அப்பா குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி வைத்தார். இன்னும் கொஞ்சம் ஐஸ் கட்டியதுதான் மிச்சம்.

மெக்கானிக் ஒருவர் வந்தார். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், "கேஸ் தீர்ந்துபோச்சும்மா, 2,800 ஆகும்" என்றார். அதென்ன, அடுப்பு சிலிண்டரா தீர்ந்துபோக? குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து குளிர வைப்பது அது, எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். உன் பெரியம்மா வீட்டில் ஓட்டையை அடைக்காமல் இரண்டு தடவை கேஸ் ஏற்றி, இரண்டு தடவையும் மூன்றே மாதத்தில் இறங்கிப்போனது. கேஸ் குறைந்தால் ஐஸ் ஒரு மூலையில் மட்டும் கட்டும், இல்லையென்றால் கட்டவே கட்டாது. பின்பக்கக் கம்பியும் சூடாகாது. நம் வீட்டிலோ அந்தக் கம்பியில் கை வைக்க முடியவில்லை. இதைக் கேட்டேன். "நாளைக்கு வரேன்" என்று போனவர்தான்.

அப்புறம் நானே முன்னால் உட்கார்ந்தேன். காலண்டரில் கிழித்த தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். மேலே பிடித்தது. கீழ் மூலையில் வெண்ணெயில் முடி உருவுவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. தடவிப் பார்த்தால், ரப்பர் வெயிலில் கிடந்த செருப்பு வார் மாதிரி விறைத்து, ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அந்த வழியாக ஈரக்காற்று ஓயாமல் நுழைந்து ஃபிரீசரில் பனியாக ஒட்டியிருக்கிறது. பனி தடித்தால் போர்வை மாதிரி, குளிர் வெளியே வராது. நம்முடையதில் காற்றைத் தள்ள விசிறியும் இல்லை. குளிர்ந்த காற்று கனத்துத் தானாகத்தான் கீழே இறங்க வேண்டும். அதையும் மறித்தது யார்? நான்தான். கம்பித் தட்டு அழுக்காகக் கூடாது என்று பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, அதன் மேல் செந்தூரா மாம்பழம் வேறு அடுக்கி வைத்திருந்தேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் உள்ளே வைத்து, கதவைத் திறந்தே விட்டேன். உன் அப்பா ஐஸைக் குத்தக் கத்தியோடு வந்தார், விரட்டிவிட்டேன். கேஸ் ஓடும் வழி அந்த மெல்லிய அலுமினியச் சுவருக்குள்தான் இருக்கிறது. ஒரு குத்து விழுந்திருந்தால் மெக்கானிக் சொன்னதே உண்மையாகியிருக்கும்.

பின்பக்கக் கம்பியில் ஒட்டடையும் தூசியும் நூல் நூலாகத் தொங்கின. பழைய பிரஷ்ஷால் தேய்த்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மாடல் நம்பர் சொல்லி கிருஷ்ணகிரியில் புது ரப்பர் வாங்கினேன், 480 ரூபாய். மடித்துக் கொடுத்ததால் ஒரே சுருக்கம். சுடுதண்ணீரில் போட்டு எடுத்ததும் நீவியது போல் நேரானது.

கரண்ட் போய் வந்ததும் ஐந்து நிமிஷம் பொறுத்துத்தான் சுவிட்சைப் போடுகிறேன். உள்ளே அழுத்தம் சமமாகாமல் போட்டால் மோட்டார் முனகிவிட்டு டக்கென்று நின்றுவிடும்.

பழசு கரண்டை அதிகம் தின்னும் என்று நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. கம்ப்ரசரே போனாலோ, உள்சுவரில் ஓட்டை விழுந்தாலோ ஒரு பைசா செலவு செய்ய மாட்டேன். அன்றைக்கு நானே கூப்பிட்டு, "போடுடா ஆர்டர்" என்பேன்.

நேற்று அதே கீழ் மூலையில் மறுபடி தாளை வைத்து இழுத்தேன். பாதிதான் கையோடு வந்தது, மீதி கதவிடுக்கிலேயே நிற்கிறது. மாவும் மூன்று நாளாக அடங்கிக் கிடக்கிறது.

கேன்சல் செய்தாயா என்று ஒரு வரி அனுப்பு.

அம்மா