செயலாளரின் ஆண்டறிக்கை: வார்டில் நம் வேலை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வாரம் தவறாமல் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்வரும் தொண்டர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தீர்மானங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. நாம் எதற்காகக் கூடினோமோ, நோயாளிகளுக்குத் துணையாக இருக்கும் அந்த வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மருத்துவ ஊழியம் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் நினைவு வருவது 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர்தான். 1900-ல் வேலூரில் சிறிதாகத் தொடங்கிய அவருடைய வைத்தியம் இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதிதாகச் சேருகிற தொண்டர்களுக்கு நான் முதலில் சொல்வது டாக்டர் பால் பிராண்டைப் பற்றி. 1946-ல் வேலூருக்கு வந்தவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தினார். கை நேரானவர்களில் சிலர் மனம் உடைந்து திரும்பி வந்தார்கள். வேலை தர ஆளில்லை. கை சரியாகிவிட்டதால் பிச்சையும் விழவில்லை. அதன் பிறகுதான் கல்லூரி வளாகத்திலேயே அவர்கள் தங்க இடம் கட்டி, தச்சு வேலையும் பொம்மை செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். விரலை நிமிர்த்துவதோடு வைத்தியம் முடிவதில்லை என்பது இந்த மண்ணில் அப்படிக் கற்ற பாடம். நம் சங்கம் அந்த மீதி வேலையில் ஒரு சிறு பங்கைத்தான் செய்கிறது.

இந்த ஆண்டு நடந்ததில் ஒன்று. போளூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு மறுநாள் காலை ஆபரேஷன். நகையெல்லாம் கழற்ற வேண்டும் என்று நர்ஸ் சொன்னதும் தாலியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். மின்கருவி வைத்து அறுக்கும்போது உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடக்கூடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் வெறும் கழுத்தோடு தியேட்டருக்குள் போனால் வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது அவருடைய பயம். நம் அக்கா ஒருவர் நர்ஸிடம் கேட்டு, கடைக்குப் போய் மஞ்சள் கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் வாங்கி வந்தார். கணவர் அதைக் கட்டிவிட்ட பிறகே தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தார் அந்த அம்மா. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார் என்று மகள் சொன்னாள். மேல்விஷாரத்துப் பெரியவர் ஒருவருக்கு, காலில் கட்டோடு படுத்தபடியே மக்காவை நோக்கித் தொழ வசதியாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டுக் கொடுத்ததும் இதே வகை வேலைதான்.

இங்கே ஒரு விஷயத்தை மனம் விட்டுப் பேச வேண்டும். ஊழியம் என்று போகிறோம், சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்தால் என்ன என்று உறுப்பினர்கள் சிலர் குழுவில் கேட்டார்கள். அவர்களுடைய ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் தயங்குவார். அவர் கேட்டால் ஜெபிக்கலாம். கேட்காதவரிடம் நாமாகத் தொடங்கக் கூடாது என்று குழு முடிவு செய்தது. அவரவர் சாமி பேரைச் சொல்லி அழும்போது கூட இருப்பதும் ஊழியமே என்பது என் உறுதியான நம்பிக்கை.

தொண்டர்களுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது வேறொன்று. ‘அப்பாவுக்குக் கேன்சர்னு தெரியக் கூடாது’ என்று பிள்ளைகள் நம்மைத் தாழ்வாரத்திலேயே நிறுத்திக் கேட்டுக்கொள்கிறார்கள். உள்ளே போனால், ‘தம்பி, எனக்கு என்ன வியாதின்னு உனக்குத் தெரியுமா?’ என்று அவர் கேட்கிறார். பொய் சொல்லக் கூடாது. நோயைச் சொல்லும் பொறுப்பும் நம்முடையது இல்லை. ‘உங்களுக்கு என்ன தோணுதுங்க ஐயா?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள் என்று பயிற்சியில் சொல்கிறோம். அப்படிக் கேட்டபோது குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவர், தனக்கு எல்லாம் தெரியும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்றுதான் தெரியாத மாதிரி இருப்பதாகச் சொன்னார். ரெண்டு பையனுக்கும் நிலத்தைப் பிரித்து எழுத வேண்டும், அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் அண்ணன் தம்பி சண்டை போட்டுக்கொள்வார்களே என்பதுதான் அவருடைய கவலை. அவர் சம்மதத்தோடு டாக்டரிடம் சொன்னோம். டாக்டர் குடும்பத்தை உட்கார வைத்துப் பேசினார். அப்புறம் பத்திரப் பதிவும் நடந்தது. வலி மருந்தின் அளவு கூடவில்லை, ஆனாலும் முனகல் குறைந்தது என்று மூத்த மகனே சொன்னார்.

குறை ஒன்று இருக்கிறது. வங்காளம், ஜார்க்கண்டிலிருந்து வந்து லாட்ஜ்களில் மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்கு நாம் இன்னும் எதுவும் செய்யவில்லை. கூட வந்தவர் சமைத்து, ரிப்போர்ட் வாங்க அலைந்து, கையிருப்பு கரைவதை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறார். காந்தி ரோடு கடைகளில் வங்காளியும் இந்தியும் பேசும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரும் ஆண்டில் அவர்களில் சிலரையாவது தொண்டர்களாகச் சேர்க்க வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்